வேதாகமச் சிங்கத்தின் பல முகங்கள்

நம் மலைநாட்டுக் காடுகளில் புலி உண்டு, சிங்கம் கிடையாது. தோட்டத்து முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போனபோது ஈரமண்ணில் புலியின் அடிச்சுவட்டைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்த கதையைச் சொல்வார்கள். சிங்கத்தைக் கண்டதாக ஒருவரும் சொல்லமாட்டார். நம் நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிற்பவையும் புலிகளே. சிங்கத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட சிங்கப்பூரில்கூடக் காட்டுச் சிங்கம் வாழ்ந்ததில்லை. சங் நீல உத்தமன் என்ற இளவரசன் கரையில் கண்ட ஏதோ ஒரு விலங்கைச் சிங்கம் என்று சொன்னார்கள், அதனால் அப்பெயர் வந்தது என்பது ‘செஜாரா மெலாயு’ கூறும் கதை.

ஆனாலும் சிங்கம் நமக்கு அந்நியமா? இல்லவே இல்லை. துர்க்கையம்மன் ஏறிவருவது சிங்கத்தின் மேல். கோபுரத்தில் நரசிம்மர் நிற்கிறார். சீனப் புத்தாண்டு வந்தால் ஆயர் தாவார் கடைவீதியில் தப்பட்டை முழங்கச் சிங்கம் ஆடுகிறது. ராஜசிங்கம், தர்மசிங்கம் என்று பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறோம். போதாக்குறைக்கு, நம் முன்னோர் வாழ்ந்த வரிசை வீட்டுக்கே ‘லயன்’ என்றுதானே பெயர்!

கிறிஸ்துவ ஆலயங்களில் பிரசங்கம் கேட்கும் அன்பர்கள் வேறொரு சிங்கத்தையும் அறிவார்கள். அது ‘யூதா கோத்திரத்துச் சிங்கம்’. இயேசு பெருமானுக்கு வேதாகமம் சூட்டும் பெயர் அது. அதே வேதாகமம் இன்னோர் இடத்தில் சாத்தானையும் கர்ச்சிக்கிற சிங்கம் என்றே சொல்கிறது. கடவுளுக்கும் சிங்கம், கேடனுக்கும் சிங்கமா? பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் திணறக்கூடிய கேள்வி இது. எம்மதத்தைச் சேர்ந்த வாசகராயினும், இதன் விடையைத் தேடிப் போனால் வியப்பான செய்திகள் பல கிடைக்கும்.

அந்த நாட்டில் சிங்கம் இருந்தது

யூத மக்களின் பழைய நாட்டில் சிங்கம் வெறும் கற்பனை அன்று. யோர்தான் ஆற்றங்கரைப் புதர்களில் அது மறைந்திருந்து, மேலேறி வந்து ஆட்டுக்கிடைகளில் பாய்ந்தது. நமக்குப் புலி எப்படியோ, அவர்களுக்குச் சிங்கம் அப்படி. சிலுவைப் போர்களின் காலத்திற்குப் பிறகு அந்த நாட்டில் அது அற்றுப்போயிற்று. ஆசியச் சிங்கம் எனப்படும் அந்த இனம் இன்று காட்டில் வாழ்வது உலகிலேயே ஒரே வட்டாரத்தில்தான். இந்தியாவின் குஜராத் மாநிலத்துக் கிர் காடும் அதன் சுற்றுப்புறமுமே அந்த இடம். 2020-இல் அங்கே 674 சிங்கங்கள் எனக் கணக்கிட்டனர். 2025-ஆம் ஆண்டுக் கணக்கு 891 என்று காட்டியது. தாவீது அரசன் கண்ட சிங்கத்தின் உறவுக்கூட்டம் இன்று இந்திய மண்ணில் பிழைத்திருக்கிறது!

வேதாகமத்தில் ஏறத்தாழ 150 இடங்களில் சிங்கம் வருகிறது. எபிரேய மொழியில் அதற்கு ஒரு பெயர் மட்டுமல்ல. குட்டிக்கு ஒன்று, வேட்டையாடத் தொடங்கிய இளஞ்சிங்கத்திற்கு ஒன்று, முதிர்ந்ததற்கு ஒன்று என்று பல சொற்கள் உண்டு. பழகிய விலங்குக்குத்தான் இத்தனை பெயர் வைப்பார்கள். அவற்றுள் முதன்மையான சொல் ‘அரி’ என்பது. தமிழிலும் சிங்கத்திற்கு அரி என்று பெயர். அரசன் அமரும் இருக்கையை அரியணை என்கிறோம். இரண்டு சொற்களும் ஒலியில் ஒத்துப்போகின்றனவே தவிர, நம் ‘அரி’ வடமொழியின் ‘ஹரி’ வழியாக வந்தது.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு இந்தச் சொல்வளம் ஒரு சவால். ஜெர்மானியரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. பின்னர் பப்ரிசியஸ் என்பவர் அப்பணியை மேலும் செம்மைப்படுத்தினார். பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்கள் ‘பாலசிங்கம்’ என்ற சொல்லைக் காண்பார்கள். இங்கே ‘பால’ என்பது நாம் வெட்டும் பால் அல்ல, இளமை. வேட்டைக்குப் புறப்பட்ட இளஞ்சிங்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு அப்படியொரு அழகான தமிழ்ச்சொல் அமைந்தது.

யூதாவின் சிங்கக்குட்டி

யாக்கோபு என்ற முதுபெரும் தந்தைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். மரணப் படுக்கையில் அவர் ஒவ்வொருவரையும் அழைத்து ஒவ்வொரு சொல் சொல்கிறார். நான்காவது மகன் யூதாவைச் சிங்கக்குட்டிக்கு ஒப்பிடுகிறார். படுத்திருக்கும் அச்சிங்கத்தை எழுப்பத் துணிபவன் யார் என்கிறார். அந்த யூதாவின் வம்சத்தில்தான் தாவீது அரசன் தோன்றினான். ‘யூதர்’ என்ற பெயரும் யூதாவிலிருந்து வந்ததே. அதனால் சிங்கம் அந்தக் குலத்தின் அடையாளமாயிற்று.

யூதரின் தொழுகைக் கூடங்களில் இறைவனுக்கு உருவம் கிடையாது. சிலை வணக்கம் அவர்களுக்கு விலக்கு. இருந்தும், திருச்சுருள்களை வைக்கும் பேழையின் இருபக்கமும் இரண்டு சிங்கங்களை நெய்தோ செதுக்கியோ வைக்கும் வழக்கம் உண்டு. வழிபடுவதற்காக அல்ல, காவலுக்கு நிற்கும் அடையாளமாக. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் பெத் அல்பா என்ற இடத்துத் தொழுகைக் கூடத்தின் தரையில் பதித்த வண்ணக்கல் ஓவியத்திலேயே பேழையருகே சிங்கங்கள் நிற்கின்றன. இன்றைய எருசலேம் நகராட்சியின் சின்னத்திலும் சிங்கமே எழுந்து நிற்கிறது. கடவுளின் விருப்பத்தைச் செய்வதற்குச் சிங்கத்தைப் போல் வலிமை கொள்ளவேண்டும் என்பது யூத ஞானிகளின் பழைய அறிவுரை. அதாவது, பிறரை அடக்குவதற்கு அல்ல, காலையில் எழுந்து கடமையைச் செய்வதற்கே அந்த வலிமை!

ஆப்பிரிக்காவின் எத்தியோப்பிய மன்னர்களும் இதே பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். தங்கள் வம்சம் சாலொமோன் அரசனுக்கும் சேபா நாட்டு அரசிக்கும் பிறந்த மகனிடமிருந்து வந்தது என்பது அவர்களுடைய மரபு. 1930-இல் முடிசூடிய ஹெய்லி செலாசி பேரரசரின் கொடியிலும் சிங்கம் நின்றது. 1974-இல் அவர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். சிங்கப் பட்டம் மட்டும் ஆட்சியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

பதினான்கு சிங்கங்கள் காத்த சிம்மாசனம்

அரசன் இருக்கையைத் தமிழில் சிம்மாசனம் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு முழுப் பொருத்தமான ஆசனத்தைச் செய்தவன் சாலொமோன். யானைத் தந்தத்தால் செய்து பொன்தகடு வேய்ந்த ஆசனம் அது. ஏறிச்செல்ல ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் இருபுறமும் இரண்டு சிங்கமாகப் பன்னிரண்டு; கைப்பிடிகளின் அருகே இரண்டு. ஆகப் பதினான்கு சிங்கங்கள்! அதே அதிகாரத்தில் அவனுடைய கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு மயில்களையும் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. மயிலுக்கு அங்கே வரும் ‘துக்கி’ என்ற எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இவ்வளவு பெருமை எதனால் கட்டப்பட்டது? மக்களின் முதுகெலும்பால். கோவிலும் அரண்மனையும் கட்ட ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டார்கள். சாலொமோன் இறந்ததும் மக்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் போய், தகப்பன் சுமத்திய பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும்படி வேண்டினார்கள். முதியவர்கள் இணங்கச் சொன்னார்கள். அவனோ கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டு, பாரத்தை இன்னும் கூட்டுவேன் என்றான். பன்னிரண்டு கோத்திரங்களில் பத்து அன்றே பிரிந்துபோயின. பதினான்கு சிங்கங்களும் படிகளில் நின்றுகொண்டுதான் இருந்தன, ராச்சியம்தான் உடைந்தது.

பெரிய துரையின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தைக் கண்ட குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை. ஏழைகளை நெருக்கும் பொல்லாத அதிகாரியைக் கர்ச்சிக்கும் சிங்கத்திற்கும் அலையும் கரடிக்கும் ஒப்பிடுகிறது நீதிமொழிகள். அதே நூல், நேர்மையானவன் சிங்கத்தைப் போல் அஞ்சாமல் நிற்பான் என்றும் சொல்கிறது. சிங்கம் ஒன்றுதான். நெருக்குகிறவன் கையில் அது கொடுமை, நேர்மையானவன் நெஞ்சில் அது துணிவு.

சிங்கத்தின் எதிரே ஓர் ஆயன்

மலாய் மொழியில் ஆயர் தாவார் என்றால் உப்பில்லாத நன்னீர். தமிழில் ஆயர் என்றால் ஆடுமாடு மேய்ப்பவர். ஆலயத்தின் மேய்ப்பரையும் அப்பெயரால் அழைக்கிறோம். வேதாகமத்தில் சிங்கத்தின் எதிரே நிற்பவன் பெரும்பாலும் ஓர் ஆயனே.

கோலியாத்து என்ற இராட்சதனை எதிர்க்கப் புறப்பட்ட சிறுவன் தாவீதைச் சவுல் அரசன் நம்பவில்லை. அப்போது தாவீது தன் வேலை அனுபவத்தைத்தான் சான்றாகக் காட்டினான். சிங்கமும் கரடியும் மந்தையிலிருந்து ஆட்டைக் கவ்விக்கொண்டு போனபோது துரத்திப் பிடித்து, அவற்றின் வாயிலிருந்து ஆட்டை விடுவித்தேன் என்றான். பெரிய படிப்பும் பட்டமும் அவனிடம் இல்லை. தன் பொறுப்பில் விடப்பட்ட சிறிய உயிரை இழக்க அவன் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னோர் ஆயன் ஆமோஸ். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா என்ற ஊரில் வாழ்ந்தவர். ஆடு மேய்த்ததோடு காட்டத்தி மரங்களிலும் வேலை செய்தார். அந்தப் பழங்களைக் கத்தியால் மெல்லக் கீறிவிட்டால்தான் விரைவில் பழுக்கும். அதுவே அவருடைய தொழில் என்பார்கள். மரமாக ஏறி இறங்கி, கத்தியின் ஆழம் பார்த்துக் கீறுகிற தொழிலாளி! பட்டையில் எவ்வளவு ஆழம் கீறினால் பால் வரும், எவ்வளவு மீறினால் மரம் புண்ணாகும் என்று விரல்நுனியில் தெரிந்துவைத்திருந்த நம் பால்வெட்டுக்காரர்கள் அவரை உடன்பிறப்பாகவே எண்ணலாம்.

இந்தத் தொழிலாளியின் வாயில்தான் கடவுளே சிங்கமாகிறார். சிங்கம் கர்ச்சித்தால் அஞ்சாதவர் யார், அதுபோல் கடவுள் பேசினால் அதை எடுத்துச் சொல்லாமல் எப்படி இருப்பேன் என்பது அவர் நியாயம். அந்தக் கர்ச்சனை யாரை நோக்கி? ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழையை விற்றவர்களை நோக்கி. கள்ளத் தராசு வைத்து ஏமாற்றிய வியாபாரிகளை நோக்கி. தந்தக் கட்டிலில் சாய்ந்து கிடந்த செல்வர்களை நோக்கி. எடை போடும் இடத்தில் ஏமாறிய வேதனையை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிங்கம் யாருக்காகக் கர்ச்சித்தது என்பது உடனே விளங்கும்.

குகையில் ஒரு முதியவர்

தானியேலின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிவர். ஆனால் படங்களில் வரைவதுபோல் அவர் வாலிபர் அல்லர். கதைப்படி கணக்கிட்டால் அப்போது அவருக்கு எண்பது வயதாவது இருக்கவேண்டும். சிறுவயதில் எருசலேமிலிருந்து சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே அவருக்குப் பெல்தெஷாத்சார் என்று வேறு பெயர் வைத்தார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோரின் பெயர்கள் பேரேட்டில் ஏறும்போது உருமாறிப்போனது நினைவுக்கு வருகிறதல்லவா?

பொறாமை கொண்ட அதிகாரிகள், முப்பது நாளுக்கு அரசனைத் தவிர வேறு யாரிடமும் எந்தத் தெய்வத்திடமும் வேண்டுதல் செய்யக்கூடாது என்று தரியு அரசனைச் சட்டம் போடவைத்தார்கள். தானியேல் கூச்சலிடவில்லை, ஒளியவும் இல்லை. வழக்கம்போல் நாளுக்கு மூன்று முறை, எருசலேம் இருந்த திசை நோக்கிய பலகணியைத் திறந்துவைத்து மண்டியிட்டார். தண்டனை, சிங்கக் குகை. இரவெல்லாம் தூங்காமல் துடித்தவன் குகைக்குள் இருந்தவர் அல்ல, அரண்மனையில் இருந்த அரசன்! விடிந்ததும் பார்த்தால் தானியேல் உயிரோடு இருந்தார்.

அந்த நாட்டு மன்னர்கள் சிங்கத்தைக் கூண்டில் அடைத்து வைத்திருந்ததற்குச் சான்று உண்டு. அசீரிய அரசன் அசுர்பானிபால் சிங்க வேட்டையாடும் கற்சிற்பங்கள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசன் கொல்வதற்காகக் கூண்டைத் திறந்து சிங்கத்தை வெளியே விடும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. பாபிலோன் நகரத்து ஊர்வலப் பாதையின் மதில்களிலும் வரிசை வரிசையாகச் சிங்கங்கள்தான். அடிமைப்பட்ட யூதருக்குச் சிங்கம் என்றால் அந்நிய அரசின் பல்லும் நகமுமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தானியேல் நூல் இன்றைய வடிவம் பெற்றது கிறிஸ்துவுக்கு முன் 165-ஐ ஒட்டி, யூதர்கள் தங்கள் சமயத்திற்காகவே வதைபட்ட காலத்தில் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. குகைக்குள் தள்ளப்பட்டவர்களுக்கு, பயப்படாதே என்று சொல்வதற்காக எழுந்த நூல் அது.

கடவுளும் சிங்கம், கேடனும் சிங்கமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். யாரை விழுங்கலாம் என்று சுற்றித்திரியும் சிங்கமாகப் பிசாசை எச்சரிக்கிறது பேதுருவின் கடிதம். அக்காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது வெறும் உவமையன்று. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா நகரின் ஆயர் இக்னாத்தியார், கொடிய விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்காக ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இந்த முரணை அகுஸ்தீன் என்ற ஞானி விளக்கினார். கிறிஸ்துவைச் சிங்கம் என்பது அதன் வலிமைக்காக. சாத்தானைச் சிங்கம் என்பது அதன் வெறிக்காக என்றார் அவர். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? ‘சிங்கம் மாதிரி நின்றான்’ என்றால் பாராட்டு. ‘சிங்கம் மாதிரிப் பாய்ந்தான்’ என்றால் வேறு பொருள்.

நான்கு நற்செய்தியாளர்களில் மாற்குவுக்குச் சிங்கம் அடையாளம். வனாந்தரத்தில் கூப்பிடும் குரலோடு அவர் நூல் தொடங்குவதால் அந்தப் பொருத்தம் என்பர். அவருடைய எலும்புகள் எனக் கருதப்பட்டவற்றை 828-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸ் நகர வணிகர்கள் கொண்டுபோனார்கள். அதனால்தான் அந்நகரின் சின்னமாக இறக்கை முளைத்த சிங்கம் விளங்குகிறது.

சிரிக்கவைக்கும் சிங்கமும் ஒன்று உண்டு. அது சோம்பேறியின் சிங்கம். தெருவில் சிங்கம் நிற்கிறது, வெளியே போனால் செத்தேன் என்று சொல்லிப் படுக்கையிலேயே புரளும் ஒருவனை நீதிமொழிகள் கேலி செய்கிறது. பிரட்டுக்குப் போக மனமில்லாத காலையில் நம்மிலும் சிலருக்கு அந்தச் சிங்கம் வாசலில் வந்து நிற்கும்! இன்றைய பிள்ளைகளுக்கோ சோதனை நாளன்று நிற்கிறது.

சிங்கத்தை எதிர்பார்த்த இடத்தில்

வேதாகமத்தின் கடைசி நூலில் ஒரு காட்சி. பரலோகத்தில் ஏழு முத்திரை வைத்த சுருள் ஒன்று. அதைத் திறக்கத் தகுதியானவர் யாருமில்லை. யோவான் அழுகிறார். மூப்பர் ஒருவர் தேற்றி, யூதாவின் சிங்கம் வென்றுவிட்டது என்கிறார். யோவான் நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே சிங்கத்தைக் காணோம்! அடிக்கப்பட்ட தழும்போடு ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது.

காதில் விழுந்தது சிங்கம். கண்ணில் பட்டது ஆட்டுக்குட்டி. கிறிஸ்தவ சமயத்தின் நடுநாடியே இங்கேதான் துடிக்கிறது. பிறரைக் கொன்று வெல்வது பழைய சிங்கத்தின் வழி. தன்னைக் கொடுத்து வெல்வது இந்தச் சிங்கத்தின் வழி. யூதர்கள் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. யூதாவின் சிங்கம் அவர்களுக்குத் தங்கள் குலத்தின் நம்பிக்கை, இனி வரவேண்டிய அரசரின் அடையாளம். இரு சமயத்தாரும் ஒரே ஏட்டைப் படித்து வெவ்வேறு வழியில் நடக்கிறார்கள். ஆனால் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட கனவில் இருவருமே சேர்ந்து நிற்கிறார்கள். சிங்கமும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து படுத்திருக்கும் படத்தைப் பலரும் வீட்டில் மாட்டியிருப்பார்கள். உண்மையில் ஏசாயா சொல்வதில் ஆட்டுக்குட்டியோடு தங்குவது ஓநாய். சிங்கம் சேர்வது கன்றுக்குட்டியோடு. அந்தச் சிங்கம் மாட்டைப் போல வைக்கோல் தின்னுமாம்! அவற்றை நடத்திச் செல்வது ஒரு சின்னஞ்சிறு பிள்ளையாம்.

சிங்கத்தைக் கொல்லவேண்டும் என்று ஏசாயா கனவு காணவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் வலிமை போய்விடவில்லை, வெறிதான் போயிற்று. வலியவன் இருக்கிறான், எளியவனும் இருக்கிறான். எளியவனுக்கு வலியவனிடம் பயமில்லை. வீட்டில் தகப்பன் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் மூலையில் ஒதுங்குகிறார்களா, ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்களா? வேலையிடத்தில் மேலாள் குரல் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா, நிம்மதி வருகிறதா? சங்கத்திலும் கோவில் கமிட்டியிலும் பதவிக்கு வந்தவர் எளியவரின் பங்கைக் காக்கிறாரா, கவ்விக்கொண்டு போகிறாரா? எந்தச் சிங்கம் எந்தப் பக்கம் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிள்ளைக்குச் சிங்கம் என்று பெயர் வைப்பது எளிது. தன்னைவிட எளியவன் ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது அந்தப் பெயருக்கு எந்தப் பொருள் என்பதை அவன் நடத்தைதான் சொல்லும். அந்தப் பொருளைச் சொல்லிக்கொடுக்கவேண்டியவர்கள், அன்பான பெற்றோர்களே, நீங்கள்தான்.